குளிப்பதற்காக ஒரு சங்கம்

போன வருடம் ஹோம் நர்ஸ் ஏஜென்சி முதலாளிகள் சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் நான் 'பெட்பான்' என்ற சொல்லை உச்சரித்ததும் வரவேற்புக் குழுத் தலைவர் பதறிப்போய்ப் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். போர்த்திய பிறகு பேசுவது மரியாதை இல்லையாம். இறங்கி வந்தேன். வாசலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற இளம் பெண்கள் நான்கு பேர் என்னை மறித்து, "சேச்சி, பாக்கிக் கதை எந்தாயி?" என்று கேட்டார்கள். பாக்கிக் கதை இதுதான். இதில் பெட்பான் வரும். வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் பாக்கியம். போனக்காட்டுக்காரி. அப்பா, அம்மா, நான் எல்லோரும் அங்கே மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். மலை, மஞ்சு என்று சுற்றுலா வருகிறவர்கள் கண்கலங்குவார்கள். எனக்கு அந்த மலையில் ஞாபகம் இருப்பது அட்டைப்பூச்சி. கணவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். திரும்பி வரும் வழி மறந்துவிட்டது. அவரைப் பற்றி இவ்வளவு போதும். முப்பது வயதில் வித்துரா சந்தையில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். 'ஹோம் நர்ஸ் தேவை. முன் அனுபவம் வேண்டாம். உணவும் தங்குமிடமும் இலவசம்.' தங்குமிடம் என்பது நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்த பாய் என்று அதில் போடவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பஸ் ஏறித் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினேன்.

ஏஜென்சி ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்தது. நடத்தியவர் ஏலியம்மா சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சி பன்னிரண்டு நாள். அதற்குள் என்ன படித்துவிட முடியும் என்று கேட்கிறீர்கள். நாங்களும் அதைத்தான் கேட்டோம். "பன்னிரண்டு நாள் பயிற்சி, பாக்கி பயம்" என்றார் சிஸ்டர்.

அவருடைய கோபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குரல் உயரவே உயராது. சாதாரணமாக 'எடீ' என்பார். கோபம் வந்தால் 'மோளே', அதாவது மகளே. கோபம் முற்றினால் 'நீங்கள்'. அவர் வாயிலிருந்து 'நீங்கள்' வந்தால் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குச் சோதனைக்கு வருவார். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கமாக நுழைவார். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். நேரே போய்க் குதிகாலுக்கு அடியில் கையை விடுவார். பிறகு இடுப்பு எலும்பின் பின்பக்கம், முழங்கை, காதுமடல். எங்கேயாவது சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுத்துவிட்டுச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அவர் எங்களுக்குக் கொடுத்த முக்கியமான ஆயுதம் ஒரு இருநூறு பக்க நோட்டு. அதில் அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தருவார். மணி, எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மருந்து, குறிப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். முதல் பக்கத்தில் விதிகளை அச்சடித்து ஒட்டியிருப்பார். முதல் விதி: 'நோயாளியை விட்டு எக்காரணம் கொண்டும் நகரக் கூடாது.' நான் அதைப் பல வருடம் தினமும் படித்தேன். அதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வீடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடியாது. சில வீட்டில் நான் சிஸ்டர். சில வீட்டில் 'அந்தப் பெண்ணு'. பட்டம் என்ற பகுதியில் ஒரு வீட்டில் எனக்கு முன்பு இருந்தவள் ஓமனா. அந்த வீட்டுப் பெரியவர் புதுப்பெயர் கற்றுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். ஆறு மாதம் ஓமனாவாகவே இருந்தேன். அவர் இறந்தபோது ஓமனா என்று கூப்பிட்டுத்தான் தண்ணீர் கேட்டார். நானும் "எந்தோ" என்றுதான் ஓடினேன்.

தொண்ணூறுகள் முடியப்போகும் சமயத்தில் திருவனந்தபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சியின் மேல் விழ வேண்டும் என்ற நிலை. ஏஜென்சிக்காரர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் விக்ரமன் சார், ஏதோ அரசு இலாகாவில் ஓய்வு பெற்றவர். மைத்துனர் ஒருவர் ஏஜென்சி நடத்துகிறார் என்பதே இந்தத் தொழிலோடு அவருக்கிருந்த உறவு. சேவை என்ற சொல்லை அவர் சொல்லும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். செயலாளர், எங்கள் ஏலியம்மா சிஸ்டர். நிர்வாகக் குழுவில் பதினோரு பேர். பத்துப் பேர் முதலாளிகள் பக்கம். வேலை செய்கிறவர்களில் ஒருத்தி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பத்திரிகைக்குப் படம் எடுக்கும்போது வெள்ளைச் சேலை இல்லாமல் எல்லோரும் ஜவுளிக்கடை முதலாளிகள் மாதிரி இருந்தார்களாம். அப்படித்தான் நான் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆனேன்.

தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் நடக்கும். மாதம் ஒன்று. என் இடத்தில் அந்தச் சில மணி நேரம் சிஸ்டர் வேறு ஆளை நிறுத்துவார். முதல் மூன்று கூட்டமும் சங்கத்தின் சின்னம் பற்றி. குத்துவிளக்கா, புறாவா, இரண்டு கைகளா? புறா ஜெயித்தது. நான்காம் கூட்டத்தில்தான் விக்ரமன் சார் உருப்படியாக ஒன்றைக் கொண்டுவந்தார். தவறு செய்யும் ஹோம் நர்ஸ்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும், எல்லா ஏஜென்சிக்கும் அது போக வேண்டும், பட்டியலில் ஏறியவளை யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. பத்துக் கை உயர்ந்தது. பதினொன்றாவது கையும் உயர்ந்தது. என்னுடைய கைதான். கூட்டத்தில் காப்பி நன்றாக இருக்கும், கை தூக்கிவிட்டுக் குடித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதமே பட்டியலுக்கு முதல் பெயர் வந்தது. சுகந்தி.

சுகந்தி எங்கள் ஏஜென்சிப் பெண். வித்துராக்காரி, எங்கள் போனக்காட்டிலிருந்து கீழே இறங்கிக் கடை வைத்த குடும்பம். இருபத்தெட்டு வயது. கரமனை அக்ரகாரத்தில் ஒரு வீட்டில் கமலம் மாமியைப் பார்த்துக்கொண்டாள். மாமிக்கு எழுபத்தெட்டு வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது; பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது. மகன் ராமன் பேங்க் ஆபீசர், மருமகள் ஜெயா. ஏழு மாதமாக அங்கே இருந்த சுகந்தியின் மேல் ராமன் சார் டைப் செய்த புகார் ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். ஒரு மதியம் அவள் நோயாளியை விட்டுவிட்டுப் போய்விட்டாள், அம்மா கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது, இதற்குக் காரணமானவள் இனி எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. இதுதான் புகார்.

விசாரணை அடுத்த கூட்டத்தில். அதற்குள் மாமிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது; ஆள் வேண்டும். சிஸ்டர் என்னை அழைத்தார். "எடீ, நீ போ."

"சிஸ்டர், நான் கமிட்டி மெம்பர் அல்லே? விசாரிக்க வேண்டியவள் அந்த வீட்டுக்கே போனா..."

"மாமியின் கால் கமிட்டி கூடும்வரை காத்திருக்குமா?" என்றார் சிஸ்டர். போனேன்.

இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தவரைத் திருப்புவது தனி வேலை. இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும். கால் மேல் கால் விழக் கூடாது. உடம்புக்கு அடியில் நாலாக மடித்த துணி ஒன்று தோளிலிருந்து தொடை வரை கிடக்கும். அந்தத் துணியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரிந்துவிடும். தோளும் இடுப்பும் காலும் ஒரே மரக்கட்டையாகத் திரும்ப வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. முதல் நாள் ஜெயாவைக் கூப்பிட்டேன். வந்தாள், இரண்டு விரலால் துணியின் நுனியைப் பிடித்தாள். மோசமானவள் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் ஐந்தரை மணிக்கு எழுந்து பம்பரமாகச் சுற்றுகிறவள் அவள்தான். மாமியாரின் உடம்பைத் தொடுவது மட்டும் அவளுக்கு ஏனோ முடியவில்லை.

நான் தலைமாட்டில் நின்று பஞ்சால் வாய் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமி முதல்முறை என்னிடம் பேசினாள்.

"நீ யாரு?"

"பாக்கியம் மாமி."

"அவ எங்கே, சுகந்தி?"

"லீவுல போயிருக்கா."

"பொய் சொல்றே. அதையும் நன்னா சொல்லத் தெரியலை நோக்கு."

அதற்குப் பிறகு அவளிடம் பொய் சொல்ல நான் முயலவில்லை. புகாரைப் பற்றிச் சொன்னேன். பட்டியலைப் பற்றியும்.

"அந்தச் சட்டி இருக்கே," என்று மாமி கட்டிலடியில் இருந்த பெட்பானைக் கண்ணால் காட்டினாள், "நேக்கு அதுல போகப் பிடிக்காது. சுகந்தி வெந்நீர்ல அலம்பி, சூடு பண்ணித்தான் வெப்பா. ஆனாலும் பிடிக்காது. அன்னிக்கு அவ குளிக்கப் போயிருந்தா. வீடு நிசப்தமா இருந்தது, டீவி சத்தம் மாத்திரம். நாமே போயிட்டு வந்துடலாமேன்னு எழுந்தேன். ரெண்டு அடி வெச்சேன், கேட்டியோ. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு அடி!"

"மூணாவது?"

"மூணாவதுக்குத்தான் இந்தக் கம்பி."

அவள் சிரித்தாள். வலித்தது, நிறுத்திக்கொண்டாள்.

சுகந்தி எங்கே குளிக்கப் போனாள் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஹோம் நர்ஸுக்கு வீட்டுக்குள் இருக்கும் குளியலறை கிடையாது. கொல்லைக் கோடியில், கிணற்றைத் தாண்டி ஒரு தகரக் கதவு. அங்கிருந்து கூப்பிட்டால் கேட்காது. "மாமி, சுகந்தி யார்கிட்டயும் சொல்லாமலா போனா?" என்று கேட்டேன்.

மாமியின் முகம் மாறிவிட்டது. வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லிட்டுத்தான் போனா. நேக்கே கேட்டுது. ஜெயா 'ம்'னு சொன்னா. டீவிலேர்ந்து கண்ணை எடுக்கலை, அவ்வளவுதான். இதை நீ அங்கே போய்ச் சொல்லப்படாது. சுகந்தி போயாச்சு, நீயும் நாளைக்குப் போயிடுவே. நேக்கு வாயில சாதம் போடப்போறவ ஜெயாதான். அவ பேர் வெளில வந்துதுன்னா, அந்தச் சாதம் எப்படி இறங்கும்?"

வித்துராவில் சுகந்தியின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். மாமி சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ நான் தள்ளி விட்டேன்னு எழுதிக் குடுக்கட்டா சேச்சி?" என்றாள் சுகந்தி. "மாமிக்குச் சோறு ஊட்ட ஆளு வேணும், சரி. எனக்கு? இங்க கடையில சாமான் வாங்க வாறவங்கல்லாம் என் கையைத்தான் பாக்காங்க. ஒரு கெழவியைக் கொல்லப் பாத்த கையாம். ஜெயா அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டீங்க. அல்லே?"

போனை வைத்துவிட்டாள். ஒருத்தியைக் காப்பாற்ற வாயைத் திறந்தால் இன்னொருத்தியின் தட்டில் மண் விழும். கை தூக்கிக் காப்பி குடித்தவளுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாமியிடம் போய் நின்றேன். "ஜெயா பேர் வராம நீங்களே ஏதாவது எழுதிக் குடுங்க மாமி. உங்க கால், நீங்க சொன்னா கேப்பாங்க." மாமி பேனா கேட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். தட்டைக் கவிழ்த்து மார்பின் மேல் வைத்து, அரை மணி நேரம் எழுதினாள்.

ஹோட்டல் ஹாலில் அன்று எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். சங்கம் தொடங்கி இப்போதுதான் ஒரு கேஸ் கிடைத்திருக்கிறது. விக்ரமன் சார் புகாரை முழுவதும் வாசித்தார். நோயாளியை விட்டுப் போனாளா இல்லையா, அதுதான் கேள்வி என்றார். போனாள் என்பதில் சந்தேகம் இல்லை, முதல் விதி தெளிவாக இருக்கிறது, பெயரை ஏற்றலாமா?

நான் எழுந்தேன். கையில் மாமி வீட்டிலிருந்து எடுத்துவந்த சுகந்தியின் நோட்டு. அவள் மலையாளம் குண்டுகுண்டாக எழுதுவாள்.

"சார், இது ஏழு மாச நோட்டு. மாமி எத்தனை மணிக்கு மூத்திரம் போனாங்க, எத்தர மில்லி, என்ன நிறம், எல்லாம் இருக்கு. ஒரு நாள் கூட விட்டுப்போகலை. சுகந்தி எப்போ போனாள்னு இதில் எங்கயாவது இருக்கா?"

ஹாலில் யாரோ இருமினார்கள். விக்ரமன் சார், "பாக்கியம், கொஞ்சம் நாகரிகமாக..." என்றார்.

"நாகரிகமாத்தான் கேக்கறேன். நகரக் கூடாதுங்கறது ரூல். இருபத்திநாலு மணிக்கூர், ஏழு மாசம். நகராம எப்படிக் குளிக்கிறது? குளிக்காம வந்தா ஏலியம்மா சிஸ்டர் மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பும். சார் இன்னைக்குக் காலையில எத்தர நேரம் குளிச்சீங்க?"

"அது என் சொந்த விஷயம்!"

"எங்களுக்கும் அது சொந்த விஷயந்தான் சார். ஆனா எங்களுக்கு அதுக்கு நேரமில்லை."

பின்வரிசையில் இரண்டு முதலாளிகள் சிரித்துவிட்டார்கள். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பாக்கியம், நீங்கள் உட்காருங்கள்."

நீங்கள்! இருந்தும் உட்காரவில்லை, மாமியின் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். தமிழ். அங்கே என்னைத் தவிர யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தால் எனக்குத் தோன்றியதைச் சேர்த்து வாசிப்பேன் என்று ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான சந்தேகம்தான், நான் அப்படிச் செய்யக்கூடியவள். அப்போது காப்பித் தட்டோடு முத்தையா அண்ணாச்சி உள்ளே வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, அந்த ஹோட்டலில் நெடுநாளாகப் பரிமாறுகிறவர். அவரை வாசிக்கச் சொன்னார்கள். தட்டை வைத்தார், தோள் துண்டால் கையைத் துடைத்தார், கடிதத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து ரேடியோ செய்தி மாதிரி உரக்க வாசித்தார்.

"சங்கத்தாருக்குக் கமலம் எழுதிக்கொண்டது. விழுந்தவள் நான். யாரும் என்னைத் தள்ளவில்லை. யாரும் என்னைப் போட்டுவிடவில்லை. கக்கூஸுக்கு என் காலில் நடந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, எழுந்தேன். எழுபத்தெட்டு வயதில் அப்படி ஆசைப்பட்டது குற்றம் என்றால் பட்டியலில் என் பெயரைப் போடவும். சுகந்தி குளிக்கப் போயிருந்தாள். அவள் குளிக்காமல் என் பக்கத்தில் நின்றால் எனக்குப் பிடிக்காது. அவளைத் திரும்ப அனுப்பவும்."

வாசித்து முடித்ததும் மடித்துக் கொடுத்தார். "அம்மா தெளிவாத்தான் எழுதியிருக்காங்க சார். காப்பி ஆறுது" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பரிமாறத் தொடங்கினார்.

நான் அதை வரி வரியாக மலையாளத்தில் சொன்னேன், அண்ணாச்சி ஒவ்வொரு மேசையிலிருந்தும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். கடைசியில் விக்ரமன் சார்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அந்த நேரம் வீட்டில் வேறு யாருமே இல்லையா?"

எனக்குச் சுகந்தியின் குரல் காதில் கேட்டது. மாமியின் கை என் மணிக்கட்டில் இருப்பது போலவும் இருந்தது.

"வீட்டில் ஆளு இருந்தா என்ன சார்? வேற ஆளை நிறுத்திட்டுப் போகலாம்னு ரூலில் இருக்கா? அப்படி ஒரு ரூல் இருந்தா, யாரை நிறுத்தினேன்னு எங்ககிட்ட கேக்கலாம். இல்லாத ரூலுக்கு என்ன பதில் சொல்றது?"

முழுப் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. அன்று செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதுவரை பேசாமல் இருந்த ஏலியம்மா சிஸ்டர் எழுந்தார். "அந்த விதி நான் எழுதியது" என்றார். "வார்டில் எழுதிப் பழகிய கை. வார்டில் மூன்று ஷிப்டு உண்டு. ஒருத்தி போனால் இன்னொருத்தி வருவாள். வீட்டில் வர ஆளில்லை. அது எனக்குத் தோன்றவில்லை." நோட்டை என்னிடமிருந்து வாங்கி, முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த விதியைப் பேனாவால் குறுக்கே அடித்தார். "சுகந்தியின் பெயர் ஏறாது. ஏற வேண்டுமென்றால் அதற்கு மேலே என் பெயரை எழுதுங்கள்."

சுகந்தியின் பெயர் ஏறவில்லை. பட்டியலையே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஹோம் நர்ஸுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மாற்று ஆள் வேண்டும் என்ற தீர்மானத்தை ஒரு துணைக் குழுவிடம் விட்டார்கள். அந்தத் துணைக் குழு இன்றுவரை கூடவில்லை. நிர்வாகக் குழுவில் எனக்கிருந்த தொழிலாளர் பிரதிநிதி இடத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஆடிட்டரை உட்கார வைத்தார்கள். படத்துக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தாராம்.

வெளியே படிக்கட்டில் சிஸ்டர் என்னை நிறுத்தினார். "உன் வாயை டெட்டால் விட்டுக் கழுவ வேண்டும், எடீ" என்றார். 'எடீ' என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரமே எங்கள் ஏஜென்சியின் ஒப்பந்தத் தாளில், ஹோம் நர்ஸ் குளிக்கவும் சாப்பிடவும் போகும்போது வீட்டார் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. சில வீடுகள் கையெழுத்துப் போட மறுத்து வேறு ஏஜென்சிக்குப் போயின. "போகட்டும், அவர்களுக்குப் புறா இருக்கிறது" என்றார் சிஸ்டர்.

சுகந்தி திரும்பி வரவில்லை. மாமி இரண்டு தடவை ஆள்விட்டும் வரவில்லை. வித்துராவில் ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றாள். "ரொட்டி விழுந்தா எடுத்து வச்சுக்கிடலாம் சேச்சி" என்றாள்.

எங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பது எனக்கு அப்போது பட்டது. ஆனால் வீட்டை விட்டு நகர முடியாதவர்களை எங்கே கூட்டுவது? யோசித்துப் பார்த்தேன்: எல்லோரும் மாதத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போகிறோம், எல்லோரும் தம்பானூரில்தான் பஸ் மாறுகிறோம். வித்துரா, நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை, பாறசாலை. மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் எல்லோரும் லீவு எடுத்தால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒரு மணி நேரம் கிடைக்கும். செல்போன் வராத காலம். நோயாளி வீட்டு டெலிபோனில் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், மாமாவின் மூத்திரக் குழாய் மாற்றும் தேதி முதல் ஞாயிறு" என்போம். கூட்டம் அன்று என்று அர்த்தம். எத்தனையோ மாமாக்களுக்கு மாற்றாத குழாய்கள் அந்த நாட்களில் மாற்றப்பட்டன. ஒரு வீட்டில் மாமாவுக்குக் குழாயே கிடையாது என்பதால் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது. முதல் ஞாயிறு ஐந்து பேர் வந்தோம். பிறகு ஒன்பது, பதினான்கு. சுகந்தியும் வித்துரா பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேலைக்கு வருவதில்லை, ஆனால் சங்கத்தில் இருப்பேன் என்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருவழியாகப் பதிவு செய்யப் போனோம். ஏழு பேர் கையெழுத்தும் சங்கத்துக்கு ஒரு விலாசமும் வேண்டும் என்றார்கள். கையெழுத்துக்குக் குறைவில்லை. விலாசம்தான் யாரிடமும் இல்லை. எல்லோரும் அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம். 'பஸ் ஸ்டாண்டு, மூன்றாவது பெஞ்சு' என்று போடலாமா என்று கேட்டேன். குமாஸ்தா நல்லவர், சிரித்துவிட்டு முடியாது என்றார்.

லீவு நாட்களில் எப்போதாவது கமலம் மாமியைப் போய்ப் பார்ப்பேன். அப்படி ஒரு நாள் விலாசம் இல்லாத கதையைச் சொன்னேன். "என் ஆத்து விலாசத்தைப் போடு" என்றாள் மாமி. ஜெயா காப்பியோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். "வீடு என் பேர்லதான் இருக்கு, யாரும் என்னைக் கேக்க முடியாது" என்று அவள் காதில் விழும்படி சேர்த்துக்கொண்டாள். ஜெயா டம்ளரை வைத்துவிட்டு, மாமியின் குதிகாலுக்கு அடியில் இருந்த துணிச்சுருளைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அந்தச் சுருளை அங்கே வைக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். கடைசியாக இருந்த ஹோம் நர்ஸ் போய் மூன்று மாதம் ஆகிறது, புது ஆள் கிடைக்கவில்லை, எல்லாம் ஜெயாதான் செய்கிறாள் என்று மாமி பிறகு மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த முதல் ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நெய்யாற்றின்கரை பஸ் கிளம்பிப் போனதும் அதன் பின்னாலிருந்து ஜெயா வந்தாள். கையில் பழுப்புக் கவர். பதிவுச் சான்றிதழ். தபாலில் வந்ததைக் கையெழுத்திட்டு வாங்கி, தானே கொண்டுவந்திருக்கிறாள். என்னிடம் கொடுத்தாள், ஆனால் பார்வை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் மேல் இருந்தது. சுகந்தி பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ சொல்லிட்டுத்தான் போனே" என்றாள் ஜெயா. "நேக்குக் காதுல விழுந்தது. 'ம்'னு சொன்னேன். அவர்கிட்ட அதைச் சொல்லலை. இப்போ சொல்லியாச்சு."

சுகந்தி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஜெயா நுனியில் உட்கார்ந்தாள். என்னிடம், "இதுல நான் சேரலாமோ?" என்று கேட்டாள். "மூணு மாசமா நானும் அதேதானே பண்றேன்."

சட்டதிட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நெடுமங்காட்டு லலிதா சொன்னாள். வீட்டுக்காரர்களைச் சேர்த்தால் நாளைக்கு முதலாளிகளும் வருவார்கள் என்றாள் இன்னொருத்தி. சத்தம் கூடிவிட்டது. நான் சுகந்தியைப் பார்த்தேன். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"சேத்துக்கிடலாம்" என்றாள் சுகந்தி. "ஆனா ஒண்ணு கேளுங்க சேச்சி. அவங்க இங்க வந்துட்டாங்கல்லா, இப்போ மாமிகிட்ட ஆரு?"

ஜெயா பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "அவர்தான் இருக்கார். மூணு மணிக்கு வலது பக்கம் திருப்பணும்னு நோட்டுல எழுதி வெச்சுட்டு வந்தேன்."

"பேங்க் ஆபீசரா?" என்றாள் லலிதா. "பெட்பான்?"

"அதுவும் அவர்தான். வெந்நீர்ல அலம்பிட்டு வைக்கணும்னு அம்மாவே சொல்லிடுவா."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பஸ் கண்டக்டர் கீழே இறங்கி வந்து பார்த்தார். கை தூக்கச் சொன்னேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே வித்துரா பஸ் உள்ளே நுழைந்துவிட்டது. அவசர அவசரமாக உறுப்பினர் பதிவேட்டை எடுத்து ஜெயாவின் பெயரை எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "ஹவுஸ்வைஃப்" என்றாள் அவள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த சுகந்தி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். குனிந்து, தன் குண்டுகுண்டான மலையாளத்தில் 'ஹோம் நர்ஸ்' என்று அந்தக் கட்டத்தில் எழுதினாள். பேனாவை என் மடியில் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.